கோட்டுக்கு அங்கிட்டு

கூடத்தைக் கடந்து படுக்கையறைக்குள் பாதி தூரம் போனதும் பெலிக்ஸ் நின்றார். முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்த கைலியை அவிழ்த்துக் கணுக்கால்வரை இறக்கி விட்டுக்கொண்டார். இரண்டு எட்டு நடந்து அலமாரியிலிருந்து சட்டையை எடுத்தார். திரும்பி வந்து, முன்பு நின்ற அதே இடத்தில் நின்று, கைலியை மறுபடி மடித்துக் கட்டினார். அந்த இடத்தில் தரையில் கறுப்பு இன்சுலேசன் டேப் ஒன்று சுவரிலிருந்து சுவர்வரை ஒட்டியிருக்கிறது. கட்டிலுக்கு அடியிலும் அது போகிறது. டேப்புக்கு இங்கிட்டு பெலிக்ஸின் வீடு. அங்கிட்டு பேங்கு.

"பெரிய எடத்துல மடிச்சுக் கட்டிக்கிட்டு நடமாடக்கூடாது சார்," என்றார் என்னிடம்.

பெலிக்ஸ் ஜெகதாப்பட்டினத்தில் ஒரு ஐஸ் பிளான்ட்டில் ஆபரேட்டர். உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் வரிசையாக நிற்கும் தகரக் கேன்களில் நல்ல தண்ணீர் உறைந்து கட்டியாகும்வரை கம்பரசரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பது அவர் வேலை. சத்தம் மாறினால் எழுந்து போவார். மாறாவிட்டால் உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் வீட்டுக் கடனைப் பற்றித்தான் யோசிப்பதாகச் சொன்னார்.

"கடன் ஐஸுக்கு நேர் எதிரு சார். ஐஸ சும்மா வச்சா கரையும். கடன சும்மா வச்சா வளரும். பகல் பூரா அங்க ஒண்ண வளக்குறேன். வீட்டுக்கு வந்து ஒண்ணக் கரைக்கிறேன்."

கரைவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் டேப். கடனில் எவ்வளவு அடைந்ததோ, வீட்டில் அவ்வளவு தரை தன்னுடையது என்பது அவர் கணக்கு. மாதத் தவணை சம்பளத்திலிருந்து தானாகப் போய்விடும். அதில் பெரும்பகுதி வட்டி. அது கோட்டை அவ்வளவாக அசைப்பதில்லை. தவணைக்கு மேல் மிச்சம் பிடித்து, அறந்தாங்கிக் கிளைக்கு பஸ் ஏறிப் போய், தன் கையால் அவர் கட்டுகிற பணம்தான் அசலைக் குறைக்கும். கட்டிவிட்டு வந்த அன்று சாயங்காலம் குளித்து, பழைய டேப்பை உரித்து, புது டேப் ஒட்டுவார். மனைவி அடைக்கலமேரியும் மகள் ஷர்லியும் கூட நிற்க வேண்டும். கைதட்ட வேண்டியதில்லை. நின்றால் போதும்.

வீடு மீமிசல் சாலையில் இருக்கிறது. ரயில் பெட்டிபோல நீளமான வீடு. வராந்தா, கூடம், படுக்கையறை, அடுப்படி, கடைசியில் குளியலறை என்று ஒன்றன்பின் ஒன்றாக இருப்பதால் கோடு ஒரே திசையில் போக வசதி. கடன் வாங்கும்போது கையிலிருந்து போட்ட பணம் அடைக்கலமேரியின் சங்கிலியை விற்று வந்தது. அந்தப் பணத்துக்கு வராந்தா கணக்காயிற்று. ஆகவே பால் காய்ச்சிய அன்று வீட்டை மந்திரிக்க வந்த பாதரை பெலிக்ஸ் வராந்தாவோடு நிறுத்திவிட்டார். "உள்ள இருக்கதெல்லாம் இன்னும் பேங்குக்காரனோடது பாதர். அவன் என்ன மதமோ நமக்கென்ன தெரியும்," என்றாராம். பாதர் தீர்த்தச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வீட்டின் உட்புறத்தைப் பார்த்துவிட்டு, வராந்தாவுக்கு மட்டும் தெளித்துவிட்டுப் போயிருக்கிறார்.

நான் எதிர்வீட்டில் வாடகைக்கு இருப்பவன். அதைத் தெரிந்துகொண்ட நாளில் பெலிக்ஸ் என் வேட்டியை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நீங்க வீடு பூரா எறக்கி விட்டுக்கிட்டேதான் திரியணும்," என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டுச் சொன்னார்.

அடைக்கலமேரி கோட்டை மதிப்பதில்லை. சேலையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு வாளியோடு அங்கிட்டும் இங்கிட்டும் போவார், வருவார். "பேங்குக்காரன் எங் கெண்டக்காலப் பாத்தா பாத்துட்டுப் போறான்," என்பார். கட்டிலில் பெலிக்ஸ் படுக்கிற பாதி வீட்டில் இருக்கிறது. அடைக்கலமேரி படுக்கிற பாதி பேங்கில் இருக்கிறது. "ஒரே கட்டில்ல கெடக்கோம். எதுனா பேசணும்னா போன்தான் போடணும்போல."

இந்த வீட்டில் ரூபாய் என்ற சொல் அதிகம் புழங்குவதில்லை. எதற்கும் விரக்கடைதான் விலை. புதுக்கோட்டையில் கல்லூரிக்குப் போகும் ஷர்லி, காதில் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கும் கருவி ஒன்று கேட்டாள். பெலிக்ஸ் விலையைக் கேட்டார். ஆள்காட்டி விரலைத் தரையில் டேப்பை ஒட்டிப் படுக்க வைத்துக் காட்டினார். "ஒரு விரக்கடை வருமேம்மா." கோயில் திருவிழாவுக்குச் சேலை அரை விரக்கடை. கல்லூரிக் கட்டணம் ஒரு சாண். அதற்கு அவர் முணுமுணுத்ததில்லை. மூன்று பேரும் மீமிசல் போய்ப் புரோட்டா சாப்பிட்டு வந்தால் ஒரு நூல் அகலம்.

"நூலுதானப்பா. போவோம்," என்றாள் ஷர்லி.

"நூலு நூலாத்தாம்மா அவன் உள்ள வருவான்."

ஷர்லியின் கல்யாணத்துக்கு என்ன யோசனை என்று சொந்தக்காரர் ஒருவர் கேட்டபோது, "ஒரு ரூமு போயிரும்," என்று மட்டும் சொன்னார். சொந்தக்காரர், பெலிக்ஸ் வரதட்சணையாக ஒரு அறையை எழுதித் தரப்போவதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

இலங்கைக்காரர்கள் படகுகளைப் பிடித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால் துறைமுகத்தில் வேலைநிறுத்தம். யாரும் கடலுக்குப் போவதில்லை. ஐஸ் விற்காது. முதலாளி பாதிச் சம்பளம் தருவார். அந்த மாதங்களிலும் பெலிக்ஸ் கோட்டை நகர்த்தியிருக்கிறார். எப்படி முடிந்தது என்று கேட்டேன்.

"மீனு திங்கல," என்றார்.

கோட்டுக்கு இங்கிட்டு அவர் செலவுக்கு அஞ்சுவதில்லை. கூடத்தில் முகம் தெரியும் டைல்ஸ். மேலே நீல விளக்குகள் ஒளிந்து எரியும் ஃபால்ஸ் சீலிங். முதல்முறை பார்த்தபோது நகைக்கடைக்குள் வந்துவிட்டதாக நினைத்தேன். கோட்டுக்கு அங்கிட்டு பூசாத செங்கல், சிமெண்டுத் தரை. ஆணிகூட அடிக்க விடமாட்டார். நாள்காட்டி சன்னல் கம்பியில் கயிறு கட்டித் தொங்குகிறது.

"ஆணி அடிச்சா யாருங்க வந்து கேக்கப் போறா?" என்றார் அடைக்கலமேரி.

"கேக்க மாட்டான். அதுக்காக அடிச்சுரலாமா?"

குளியலறையில் பல்பு எரிந்துபோனபோது புதுசு வாங்கி மாட்ட அவருக்கு மனம் வரவில்லை. கூடத்திலிருந்து நீளமாக ஒயர் இழுத்து, அதன் முனையில் பல்பைக் கட்டி, போகிறவர்கள் கையில் எடுத்துக்கொண்டு போகும்படி செய்தார். "லைட்டு நம்மளது. இருட்டு அவனோடது," என்று எனக்கு விளக்கினார்.

சந்தோஷத்துக்கும் ஒதுக்கீடு உண்டு. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து ஷர்லி ஊட்டி கேட்டுக்கொண்டிருந்தாள். ஊட்டி ஒரு சாண். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், இரண்டு பேரையும் பைக்கில் ஏற்றி பிளான்ட்டுக்கு அழைத்துப் போனார். வெளியே தார் இளகும் வெயில். ஐஸ் கட்டிகளை அடுக்கிவைக்கும் அறைக்குள் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார். யாரிடமோ இரவல் வாங்கிய சுவெட்டர் இரண்டு. பிளாஸ்கில் டீ. பேக்கரியில் தேடிப்பிடித்த ஊட்டி வர்க்கி ஒரு பாக்கெட். மூன்று பேரும் நடுங்கிக்கொண்டு வர்க்கியை டீயில் தொட்டுத் தின்றார்கள். கதவைத் திறந்தபோது உள்ளே புகுந்த வெக்கையால் பனிமூட்டம் எழும்பியது. ஷர்லி போட்டோ எடுத்தாள். அதைப் பார்த்த கல்லூரித் தோழி ஒருத்தி எந்த எஸ்டேட் என்று கேட்டிருக்கிறாள்.

"ஊட்டில அம்மோனியா வாசம் அடிக்குமாங்க?" என்று அடைக்கலமேரி என்னிடம் கேட்டார். நான் ஊட்டிக்குப் போனதில்லை என்றேன்.

இதையெல்லாம் அடைக்கலமேரி சிரித்துக்கொண்டுதான் சொல்வார். அடுப்படியைப் பற்றிச் சொல்லும்போது சிரிக்கமாட்டார். அடுப்படி கோட்டுக்கு அங்கிட்டு இருக்கிறது. அதனால் அங்கே மேடை கிடையாது. கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் மீன்பெட்டியின் மேல் கேஸ் அடுப்பு. அதற்கு முன்னால் பலகை போட்டு உட்கார்ந்து சமைக்க வேண்டும். போன வருசத்திலிருந்து அவருக்கு வலது முட்டி வீங்கிக்கொள்கிறது. எழுந்திருக்க நிலைக்கதவைப் பிடித்துத் தொங்க வேண்டியிருக்கிறது. குத்தவைக்கக் கூடாது, தரையில் உட்காரக் கூடாது, நின்று சமையுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பெலிக்ஸ் அதைப் புறக்கணித்தார் என்று சொல்ல முடியாது. அன்றைக்கே பிளான்ட்டிலிருந்து இன்னும் மூன்று மீன்பெட்டிகள் கொண்டுவந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உச்சியில் அடுப்பை வைத்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்பதால் அது பேங்கின் அடுப்படிக்குச் செய்த செலவாகாது. இரண்டாம் நாள் சோறு வடிக்கும்போது அடுக்கு ஆடியது. கொதிக்கும் பானை சரிந்து, அடைக்கலமேரியின் காலுக்கு அரை அடி தள்ளி விழுந்தது. மறுநாளிலிருந்து மறுபடி ஒரு பெட்டி, மறுபடி பலகை.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் முதலாளி போனஸ் தந்தார். அந்த வருசம் மீன்பாடு நன்றாக இருந்ததால் கை நிறையவே தந்தார். பெலிக்ஸ் வீட்டுக்கு வந்து டேப் சுருளைத் தேடி எடுத்தார். நான் கூடத்தில் இருந்தேன். அவர்கள் என்னைப் பொருட்படுத்தவில்லை.

"மேரி, இத அப்புடியே கட்டுனா கோடு அடுப்படி நெலைய வந்து தொட்டுரும்."

"தொட்டு?"

"அடுத்த கிறிஸ்மசுக்கு உள்ள வந்துரும். அப்பறம் மேடை போட்டுருவோம். கிரானைட்டே போடுவோம்."

"அதுவரைக்கும் எம் முட்டி இருக்கணும்ல."

"இப்பப் போட்டா அவன் அடுப்படில போட்ட மாதிரி ஆயிரும்."

"அவனா வந்து கொழம்பு வைக்கப் போறான்?"

பெலிக்ஸ் டேப் சுருளின் முனையை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தார். அடைக்கலமேரி சத்தம் போடவில்லை. "எனக்கு ஒண்ணும் கிரானைட்டு வேண்டாம். ஒரு கடப்பாக் கல்லு போதும். நின்னா போதும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் நிலைக்கதவு முனகும் சத்தம் கேட்டது.

ஷர்லிதான் குறுக்கே வந்தாள். பேங்கின் செயலியைப் போனில் இறக்கி வைத்திருந்தாள். "கட்டுறதுக்கு முந்தி இத ஒரு தடவ பாருங்கப்பா. அசல்னு போட்டுருக்க எடத்துல பெருசா கொறையவே இல்லயே. நீங்க மேல மேல கட்டுனதெல்லாம் எங்க போச்சு?"

பெலிக்ஸ் போனை வாங்கி எட்டப் பிடித்துப் பார்த்தார். "ஒம் போனு புதுசும்மா. அதுக்குப் பழசெல்லாம் தெரியாது," என்று திருப்பித் தந்தார். ஆனாலும் திங்கட்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டுதான் அறந்தாங்கி போனார். அங்கே நடந்ததை இருவரும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். ஒரு வார்த்தைகூட வித்தியாசம் இல்லை.

அந்தக் கிளையில் பணம் வாங்குகிற இடத்தில் இருப்பவர் பெயர் நிலவழகன். மெல்லிய குரல். ஜெராக்ஸ் என்று சொல்லமாட்டார், நகல் என்பார். ஒரிஜினல் என்று சொல்லமாட்டார், அசல் என்பார். பெலிக்ஸ் ஒவ்வொரு முறையும் பணத்தையும் ஆதார் அட்டையையும் ஒன்றாகச் சேர்த்துக் கவுண்டர் துவாரத்துக்குள் தள்ளி, "இது அசலு சார்," என்று சொல்வது வழக்கம். நிலவழகன் அட்டையைத் திருப்பிப் பார்த்து, "அசல்தானே?" என்று கேட்பார். "அசல்தான் சார்." அட்டை திரும்பி வந்துவிடும். ரசீதும் வரும். ரசீதில் தொகை சரியாக இருக்கிறதா என்று மட்டும் பெலிக்ஸ் பார்ப்பார். தொகை எப்போதும் சரியாக இருந்தது. பணம் வருங்காலத் தவணைகளுக்கு முன்பணமாக ஒரு மூலையில் போய்க் குந்திக்கொண்டிருந்தது. அசலில் ஒரு நயா பைசா விழவில்லை.

"நீங்க ஒவ்வொரு தடவையும் அசல் அசல்னு சொன்னது அட்டையைன்னுல்ல நெனச்சேன்," என்றார் நிலவழகன்.

"அட்டை அசல்னு நான் எதுக்கு சார் சொல்லணும்? என்னையப் பாத்தா டூப்ளிகேட்டு மாதிரியா இருக்கு?"

"எல்லாரும் நகலைக் கொண்டாந்து தாராங்கய்யா. தவறாம அசல் கொண்டுவாரது நீங்க ஒருத்தருதான். இந்தக் கிளையில ஒங்களுக்கு ரொம்ப நல்ல பேரு."

பெலிக்ஸ் துவாரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பணம் எங்கும் போய்விடவில்லை, எழுதிக் கையெழுத்துப் போட்டால் இன்றைக்கே அசலில் வரவு வைத்துவிடலாம், இதுவரை குறைந்திருக்க வேண்டிய வட்டி மட்டும் போனது போனதுதான் என்று நிலவழகன் சொன்னார். பேனாவையும் நீட்டினார். பெலிக்ஸ் வாங்கவில்லை.

"மொதல்ல கோட்டச் சரி பண்ணிட்டு வாரேன் சார்."

"எந்தக் கோடு?" என்றார் நிலவழகன். ஷர்லி அப்பாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்துவிட்டாள்.

பெலிக்ஸ் வீட்டு வாசலிலேயே பேண்ட்டை மாற்றிக் கைலி கட்டிக்கொண்டார். மடிக்கவில்லை. கணுக்கால் மறைய உள்ளே போய், படுக்கையறைத் தரையில் முழங்காலிட்டு டேப்பை உரித்தார். கட்டிலை நகர்த்தி அடியில் இருந்ததையும் உரித்தார். தவணைகளில் உண்மையாகக் கழிந்த சொற்ப அசலைக் கூட்டிப் பார்த்து, வராந்தாவைத் தாண்டிக் கூடத்துக்குள் ஒரு சாண் தள்ளிப் புதுக் கோடு ஒட்டினார். எழுந்து நின்று தலைக்கு மேல் பார்த்தார்.

"அவனுக்குல்ல சீலிங் போட்டுக் குடுத்துருக்கேன்," என்றார். நீல விளக்கை அணைத்தார்.

அன்றையிலிருந்து வராந்தாவில் குடியிருந்தார். சாப்பாட்டுத் தட்டு அங்கே போயிற்று. பாய் அங்கே போயிற்று. குளிக்கப் போக வேண்டியிருந்தால் நிலையருகில் நின்று ஒருமுறை இருமிவிட்டு, கைலியை இறக்கிவிட்டு, வீட்டின் நீளம் முழுவதையும் தலை நிமிராமல் கடந்து போவார். "உள்ள வாங்கப்பா, பனி விழுகுது," என்று ஷர்லி கூப்பிட்டால், "இருக்கட்டும்மா. நீங்க இருங்க," என்பார், பஸ்ஸில் சீட்டு விட்டுக்கொடுப்பவர்போல.

தண்ணீர் பிடிக்கும் இடத்தில் பெண்கள் விசாரித்தார்கள். "யாரோ அசலூருக்காரரு வராந்தால வந்து ஒக்காந்துருக்காரு. பாவமா இருந்துச்சு, சோறு குடுத்துருக்கேன்," என்றார் அடைக்கலமேரி. "அசலு அசலுன்னு கட்டுனாரு. கடசில அவரே அசலாளு ஆயிட்டாரு."

போனஸ் பணம் பெலிக்ஸின் சட்டைப் பையிலேயே இருந்தது. அதை எதில் போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. முழுக்க அவனுடைய வீடாகிவிட்ட பிறகு மேடை என்ற பேச்சுக்கே இடமில்லை. அடைக்கலமேரி தினமும் மூன்று வேளை பலகையில் உட்கார்ந்தார், மூன்று வேளை நிலைக்கதவில் தொங்கி எழுந்தார்.

நாலைந்து நாள் கழித்து, சாயங்காலம், அவர் வராந்தாவுக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் வேப்பங்குச்சி ஒடிக்க வந்தவன்போலத் தெருவில் நின்றிருந்தேன்.

"இந்த வராந்தா எதுல வந்துச்சு?"

"ஒஞ் சங்கிலில," என்றார் பெலிக்ஸ்.

"அப்ப நீங்க என் எடத்துல ஒக்காந்துருக்கீங்க."

பெலிக்ஸ் உட்கார்ந்தபடியே கைலியை இறக்கி விட்டுக்கொண்டார்.

"ஒண்ணு கேக்குறேன். கோடு வாசல்லேருந்துதான் வரணும்னு அவன் சொன்னானா?"

"யாரு?"

"ஒங்க பேங்குக்காரன்."

பெலிக்ஸ் யோசித்தார். "அப்புடி ஒண்ணும் சொல்லல."

"பொறவாசல்லேருந்து வந்தா வேண்டாம்பானா?"

பெலிக்ஸ் ஒரு காதை லேசாகச் சாய்த்துக்கொண்டார். கம்பரசரின் சத்தம் மாறும்போது அவர் முகம் இப்படித்தான் ஆகும் என்று பிளான்ட்டில் சொல்வார்கள்.

"அப்ப இங்கிட்டு வராந்தா, அங்கிட்டு அடுப்படி. நடுவுல அவன் மாட்டிக்கிருவானே," என்றார் கடைசியாக.

"மாட்டட்டும். எங்க போயிருவான்?"

பெலிக்ஸ் எழுந்து போனார்.

மறுநாள் அறந்தாங்கியில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இந்த முறை ஆதார் அட்டையை எடுத்துப் போகவில்லை. நிலவழகன் அசல் எங்கே என்று கேட்டாராம். "அதுக்குத்தான சார் வந்துருக்கேன்," என்றாராம் பெலிக்ஸ். மூலையில் குந்தியிருந்த பணம் முழுவதும் அசலில் வரவாயிற்று. சாயங்காலம் குளித்துவிட்டு வீட்டின் பின்சுவரிலிருந்து அளந்துகொண்டு வந்தார். குளியலறை வந்தது. அடுப்படி முழுவதும் வந்தது. நிலையைத் தாண்டிப் படுக்கையறைக்குள்ளும் ஒரு முழம் வந்தது. அங்கே டேப்பை ஒட்டினார். அடைக்கலமேரியும் ஷர்லியும் கூட நின்றார்கள். கட்டில் இப்போது முழுக்க பேங்கில் இருக்கிறது. அதில் இருவருக்கும் மன வருத்தம் இல்லை.

அடுப்படி தன்னுடையதாகிவிட்டதால் அதில் செலவு செய்யத் தடையில்லை. கொத்தனார் மரியசெல்வம் வந்தார். மேடை எவ்வளவு உயரம் என்று கேட்டார். பெலிக்ஸ் தன் இடுப்பில் கைவைத்துக் காட்டினார்.

"நீங்களாண்ணே சமைக்கப் போறீங்க?"

"இல்ல. அவ."

"அப்ப அண்ணிய நிக்கச் சொல்லுங்க. இல்ல, பேங்குக்காரனத்தான் நிக்கச் சொல்லணுமா?"

ஊரில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. அடைக்கலமேரி சுவரோரம் நின்றார். முழங்கையை மடக்கி, இல்லாத சட்டியில் இல்லாத கரண்டியைக் கிண்டிக் காட்டினார். மரியசெல்வம் பென்சிலால் சுவரில் கோடு போட்டார். அந்த வீட்டில் பெலிக்ஸ் போடாத முதல் கோடு அது. போனஸ் பணத்தில் மேடைக்குக் கடப்பாக் கல்தான் வாங்கினார்கள். மிச்சப் பணத்தில் பெலிக்ஸ் தானாகவே கடைக்குப் போய்க் குளியலறைக்குப் பல்பு வாங்கி மாட்டினார். இருட்டும் இப்போது அவருடையதுதானே.

பாதரை மறுபடி அழைத்தார்கள். பெலிக்ஸ் அவரைச் சந்து வழியாகப் பின்பக்கம் கூட்டிவந்தார். "இந்தத் தடவ பொறவாசலா?" என்று பாதர் கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. மேடைக்கும் அடுப்புக்கும் தீர்த்தம் தெளித்துக்கொண்டு கோடுவரை வந்தார். கையை உதறியபோது இரண்டு சொட்டு கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. பெலிக்ஸ் அந்தச் சொட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போகட்டும் விடுங்க பெலிக்ஸ்," என்றார் பாதர். "அவனுக்கும் ஒரு ஆசீர்வாதம் வேணும்ல."

கிறிஸ்துமஸ் முடிந்து போயிருந்தேன். முன்வாசல் வழியாகத்தான் போனேன். வாடகைக்காரனுக்கு எல்லா வாசலும் ஒன்றுதான். வராந்தாவைத் தாண்டியதும் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டேன். இந்த வீட்டில் அது பழக்கமாகிவிட்டது. கூடத்தில் டி.வி. இருந்த இடம் காலியாக இருந்தது. நீல விளக்கு எரியவில்லை. ஷர்லி ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "அப்பா வீட்டுல இருக்காக," என்று உள்ளே கை காட்டினாள். நிலைகளெல்லாம் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் கூடத்திலிருந்தே அடுப்படி தெரிந்தது. டி.வி.யை அங்கே கொண்டுபோய் வைத்திருந்தார்கள். பெலிக்ஸ் அதன்முன் கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு காலைப் பழைய மீன்பெட்டியின் மேல் தூக்கிப் போட்டு உட்கார்ந்திருந்தார். கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குப் பக்கத்தில், சேலையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, மேடைமுன் நின்று அடைக்கலமேரி டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"சாருக்கு நாங் கொண்டுபோய்க் குடுக்கவா?" என்று பெலிக்ஸ் கேட்பது காதில் விழுந்தது.

"நீங்க ஒங்க ஆட்டத்தப் பாருங்க. நான் குடுத்துக்கிறேன்."

டம்ளரைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு அவர் நடந்து வந்தார். முட்டியைக் கொஞ்சம் தாங்கித்தான் நடந்தார், ஆனால் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. நிலையைத் தாண்டினார். டேப் அருகில் வந்ததும் நின்றார். தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். இடுப்பில் செருகியிருந்த சேலையை வலது கையால் உருவி, கணுக்கால்வரை இறக்கி விட்டார். பிறகு கோட்டைத் தாண்டிக் காலை வைத்தார்.